பத்து விநாடி

மடிக்கணினிக்கு நானும் யெர்காவும்
ஆளுக்குப் பாதி போட்டோம்.
வட்டு மட்டும் முழுதாக அவளிடம் இருந்தது.
சுங்கக் கிடங்கின் பில் மென்பொருள்
விண்டோஸை விட்டு நகராது.
என் படிப்புக்கோ லினக்ஸ் வேண்டும்.
ஒரே உறையில் இரண்டு வாள் நிற்காது என்பார்கள்.
நிற்கும்,
ஒரு வாள் எப்போதும் வெளியே இருந்தால்.

ஜூன் மாத ஞாயிறு. புன்டா அரினாஸில்
காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.
யெர்கா அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.
அவளுடைய படங்களையும் பில்களையும்
வெளி வட்டில் நகலெடுத்தேன்.
இரண்டு முறை எடுத்தேன்.
மூன்றாம் முறை எடுக்கையில்
எனக்கே சிரிப்பு வந்தது.

பிறகு அவள் இடத்தைச் சுருக்கினேன்.
நூறு ஜிபி கேட்டேன்.
நாற்பதுக்கு மேல் தரமாட்டேன் என்றது கருவி:
நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் இருக்கின்றனவாம்.
இந்த அறையிலும் அப்படித்தான்,
அவளுடைய தையல் இயந்திரம்.
சொல்லி என்ன,
சில அமைப்புகளை அணைத்து
மறுபடி கேட்டேன். தொண்ணூறு கிடைத்தது.

அறுபது எனக்கு.
முப்பது இருவருக்கும் பொது.
அந்த முப்பதுக்கு 'சமையலறை' என்று பெயர் வைத்தேன்.

அன்றிலிருந்து இயந்திரம் விழித்தால்
முதலில் ஒரு கறுப்புத் திரை, இரண்டு வரிகள்:
டெபியன்.
விண்டோஸ்.
பத்து விநாடிக்குள் யாரென்று சொல்லியாக வேண்டும்.
சொல்லாவிட்டால் அது நானாகிவிடும்.

நண்டு ஆலையில் எனக்கு இரவு வேலை.
அவள் கிளம்பும்போது நான் குளித்துக்கொண்டிருப்பேன்,
நான் கிளம்பும்போது அவள் பேருந்தில்.
ஒரே கட்டில், ஒரே விசைப்பலகை,
எண்டர் விசையில் அவளுடைய நகப்பூச்சு.
சமையலறையில் ஒரு கோப்பு.
அதில் எழுதிக்கொண்டோம்:
எரிவாயு தீர்ந்தது. முட்டை உன்னுடையது.
ஒவ்வொரு வரிக்கும் கீழே
நேரம் போடுவது அவள் பழக்கம்.

ஒருநாள் கோப்பு திறந்தது,
எழுத விடவில்லை.
விண்டோஸ் சாகவில்லை, உறங்கவும் இல்லை,
வேகமாக எழுந்துகொள்ளலாம் என்று
அரைக்கண் மூடிக் கிடந்திருக்கிறது,
சமையலறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு.
'வாடகை கட்டிவிட்டேன், கோபமா?'
என்று அவள் கேட்டிருந்தாள்.
படிக்க முடிந்தது. பதில் எழுத முடியவில்லை.
காகிதத்தில் எழுதி முட்டைப் பெட்டியில் வைத்தேன்.
அவள் முட்டை பக்கமே போகவில்லை.

அடுத்த வாரம் அது நடந்தது.
அதிகாலை ஐந்து மணி.
அவள் கைப்பேசி செத்துக் கிடந்தது,
இணையத்தைக் காற்று அறுத்திருந்தது.
கணினியைத் திறந்திருக்கிறாள்: எட்டு மணி பத்து நிமிடம்.
வானத்தைக் கேட்டுப் பயனில்லை,
எங்கள் ஜூனில் பத்து மணிவரை இருட்டு.
ஈரத்தலையோடு ஓடியிருக்கிறாள்.

ஆறே கால் பேருந்தில்
கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன்.
பூட்டிய கிடங்கு வாசலில் யாரோ குதித்துக்கொண்டிருந்தார்கள்.
குளிருக்குக் குதிப்பதில்
அவளுக்கென்று ஒரு தாளம் உண்டு.
மணியடித்து இறங்கினேன்.

பெட்ரோல் நிலையத்துக் காபி. உள்ளே ஹீட்டர்.
மூன்று வாரத்துக்குப் பிறகு
அவள் முகத்தை வெளிச்சத்தில் பார்த்தேன்.
முடியை வெட்டியிருந்தாள்.
'எப்போது?' 'பத்து நாளாகிறது, ஒடெத்.'
பிறகு வாடகையைப் பற்றிச் சண்டை போட்டோம்,
வாயால், சத்தமாக,
காபிக்காரன் வானொலியை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

தவறு என்னுடையது.
வன்பொருளுக்குள் ஒரே கடிகாரம்தான்.
என் பக்கம் அதில் உலக நேரத்தை எழுதி வைக்கும்,
அவள் பக்கம் அதையே உள்ளூர் நேரமென்று நம்பும்.
மூன்று மணி நேரம்
யாரும் பொய் சொல்லாமலே நழுவிவிடும்.

அன்று மாலையே சரிசெய்தேன்.
ஒரு வரிக் கட்டளை.
அரைத்தூக்கத்தையும் அணைத்தேன்.
கையுறையோடு அம்புக்குறியை அழுத்தப்
பத்து விநாடி பற்றவில்லை என்றாள்.
முப்பதாக்கினேன்.

சமையலறைக் கோப்பைத் திருத்தவில்லை.
எரிவாயு தீர்ந்த செய்தியும்
'கோபமா?'வும்
இன்னும் அங்கே
மூன்று மணி நேரம் முன்னால் நிற்கின்றன.